கூத்தும் அதன் கணக்கும்

கூரம் செப்பேட்டை வரலாற்றுக்காரர்கள் போருக்காகப் படிக்கிறார்கள். முதலாம் பரமேஸ்வரவர்மன் சாளுக்கிய விக்கிரமாதித்தனைப் பெருவளநல்லூரில் முறியடித்த வர்ணனை அதில் இருக்கிறது. கோயில் ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேறு லாபம்: வித்யாவிநீத பல்லவ பரமேஸ்வர கிருஹம் என்ற பெயர் அதில் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு இனம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசன் தானமாகக் கொடுத்த பரமேஸ்வரமங்கலம் 25 பங்காகப் பிரிக்கப்படுகிறது. மூன்று பங்கு பூசைக்கும் கோயிலைப் பழுது பார்ப்பதற்கும். இருபது பங்கு நான்மறை கற்ற பிராமணர் இருபது பேருக்கு. ஒரு பங்கு மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும். மீதமிருக்கும் ஒரு பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு.

இருபத்தைந்தில் ஒன்று. தண்ணீருக்கும் தீக்கும் எவ்வளவோ அவ்வளவு. வாசித்தவன் உட்கார்ந்து வாசித்தானா, நின்று பாடினானா, எந்த பாஷையில் பொருள் சொன்னான், கேட்க யார் வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் - செப்பேட்டில் ஒரு வார்த்தை கிடையாது. வங்கியில் பேரேடு பார்த்துப் பிழைக்கிறவனுக்கு இதில் ஆச்சரியம் இருக்க நியாயமில்லை. பின்னால் எதன் மேல் தகராறு வருமோ அதுதான் பேரேட்டில் ஏறும். நிலத்தின் மேல் தகராறு வரும். குரலின் மேல் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

இந்த ஒரு பங்கை வைத்துக்கொண்டுதான், இப்போது பலராலும் பேசப்படுகிற 'கூத்தைப் பதிவு செய்தல்' என்ற காரியத்தைப் பார்க்க விரும்புகிறேன். பதிவு செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொள்கிற விஷயங்களில்தான் யோசனை சீக்கிரம் நின்றுபோகிறது. எதைப் பதிவு செய்வது? பதிவு செய்தது யாருக்கு? இந்தக் கேள்விகள் கேட்கப்படுவதற்கு முன்பே காமிரா வந்து இறங்கிவிடுகிறது.

முதலில், எது நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் நண்பர்களில் பலர் கூத்தைப் பார்த்தது சென்னையில் ஏதாவது ஒரு அரங்கில், ஒன்றரை மணி நேரம். அது கூத்து அல்ல என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா என்று நோட்டீஸ் அடித்து நடத்துகிறார்களே, அதில் கூத்து ஒரு பகுதி மட்டும்தான். மதியத்தில் பாரதப் பிரசங்கம். வில்லிபுத்தூராரின் பாட்டை எடுத்து, பொருள் சொல்லி, இடையிடையே ஊர் வம்பும் உலக நியாயமும் கலந்து பிரசங்கியார் நாட்கணக்கில் கொண்டுபோவார். அவர் பகலில் சொல்லி முடித்த இடம், சில நாள் கழித்து இரவில் வேஷம் கட்டி வரும். வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாக இரவுகள். பத்து மணிக்கு மேல் மேளம் கட்டினால் விடிந்துதான் முடியும்.

இது ஒரு மேடைக்குள் நிற்கிற சமாச்சாரமும் அல்ல. பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகிற பீமன் வண்டியேறித் தெருத் தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு சோறும் பண்டமும் கொடுப்பார்கள். அர்ச்சுனன் தபசுக்கு வெட்டவெளியில் உயரமான மரம் நட்டிருக்கும். வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, மேலேயிருந்து எலுமிச்சம் பழமும் வில்வமும் போடுவார். குழந்தை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், பல ஆள் நீளத்துக்கு. அவன் உடம்பைச் சுற்றியும் மேலும் ஓடித்தான் பீமனும் துரியோதனனும் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழும். திரௌபதி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி. தெரு, கோயில் வாசல், வயல், களம் என்று ஊரே ஆடுகளம்; பத்து இருபது நாள்.

இதற்கு இணையாக வேறு எங்கே என்ன இருக்கிறது என்று தேடினால் நியூயார்க் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. ரோஸ்லீ கோல்ட்பர்க் என்ற கலை வரலாற்றாசிரியை 2004-ல் 'பெர்ஃபார்மா' என்று ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 2005 நவம்பர் முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அந்த நகரம் முழுக்க, மியூசியத்திலும் கேலரியிலும் தெருவிலும், நிகழ்த்துகலைக்கு ஒரு விழா. ஓவியனும் சிற்பியும் தங்கள் உடம்பையே சாதனமாக வைத்துச் செய்கிற கலை அது. கதை கிடையாது. பெரும்பாலும் ஒருதரம் நடந்ததோடு சரி. அதனால் அங்கே ஆவணம் என்பது தலைபோகிற பிரச்சினை. நகரின் பல மூலைகளில் ஒரே சமயத்தில் நடப்பதை ஒருவர் முழுக்கப் பார்க்க முடியாது. விழாவின் 'முழுமை' பின்னால் வருகிற தடித்த புஸ்தகத்தில்தான் முதன்முதலாக உண்டாகிறது. 

அங்கே இது பற்றி நடந்த வாதம் நமக்குப் பிரயோஜனப்படும். பெக்கி ஃபெலன் 1993-ல் வெளியிட்ட 'அன்மார்க்ட்' என்ற நூலில் ஒரு தீவிரமான நிலை எடுத்தார்: நிகழ்த்துதலுக்கு நிகழ்காலம் மட்டுமே உண்டு, பதிவான மறுகணம் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது. பிலிப் ஆஸ்லாண்டர் 2006-ல் எழுதிய கட்டுரையில் இதைத் தலைகீழாகப் போட்டார். ஈவ் க்ளைன் 1960-ல் மாடியிலிருந்து வெட்டவெளியில் பாய்ந்தது போல ஒரு புகைப்படம் உண்டு. கீழே நண்பர்கள் பிடித்திருந்த விரிப்பை நீக்கிவிட்டு, காலித் தெருவை ஒட்டிச் செய்த படம் அது. அப்படிப் பார்த்தால் அந்தப் பாய்ச்சல் நடந்த இடம் தெரு அல்ல, புகைப்படம்தான். கிறிஸ் பர்டன் 1971-ல் நண்பரை விட்டுத் தன் கையில் சுட்டுக்கொண்டதை நேரில் கண்டவர்கள் மிகச் சிலர். உலகத்துக்கு அது ஒரு சில படங்கள்தான். ஆக, ஆவணம் பார்வையாளனிடம் நேராகவே காரியம் செய்கிறது என்பது ஆஸ்லாண்டரின் கட்சி.

இரண்டு பேரும் புத்திசாலிகள். இரண்டு பேருமே ஒருமுறை நடப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பெர்ஃபார்மாவின் முதல் விழாவிலேயே மரீனா அப்ராமோவிச் இந்த இடத்தில் கை வைத்தார். குகன்ஹைம் மியூசியத்தில் ஏழு நாள், நாளுக்கு ஏழு மணி நேரம், பழைய நிகழ்வுகளை அவர் மறுபடி செய்துகாட்டினார். 1965-ல் யோசப் பாய்ஸ் செத்த முயலுக்குப் படங்களை விளக்கியது அவற்றில் ஒன்று. முன்னதைச் செய்தவர்களிடமோ அவர்களுடைய வாரிசுகளிடமோ அனுமதி கேட்டு, மிஞ்சியிருந்த சில புகைப்படங்களையும் பார்த்தவர்களின் ஞாபகத்தையும் வைத்துச் செய்ததாகச் சொன்னார். அதாவது, ஆவணத்திலிருந்து ஆட்டம். அங்கே அது துணிச்சலான காரியம். இங்கே, பெருங்கட்டூர் பாணியிலோ புரிசையிலோ, அப்பனிடமிருந்து மகனும் வாத்தியாரிடமிருந்து பையனும் ராத்திரி ராத்திரியாகப் பின்பாட்டுப் பாடி வாங்கிக்கொண்டதற்கு நாம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

காஞ்சிபுரத்துக்காரன் இதைத் தறியை வைத்துத்தான் யோசிக்க முடியும். ஒரு பட்டுப் புடவைக்கு இரண்டு விதமான ஆவணம் உண்டு. ஒன்று, கடைக்காரர் எடுக்கிற போட்டோ. மற்றது ஜக்கார்டு அட்டை. அட்டையில் வர்ணம் இல்லை, ஜரிகை இல்லை, புடவையே இல்லை, வெறும் ஓட்டைகள். ஆனால் எந்த இழை எப்போது தூக்க வேண்டும் என்பது முழுக்க அதில் இருக்கிறது. போட்டோவை வைத்து ஆசைப்படலாம். அட்டையை வைத்து நெய்யலாம். அட்டை இருந்தாலும் பாவின் இறுக்கமும் கையின் அடியும் நெசவாளியோடுதான் வர வேண்டும் என்பது வேறு.

கூத்துக்கு ஜக்கார்டு அட்டை எது? பெரிய எழுத்துப் புஸ்தகம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். புகழேந்திப் புலவர் பேரில் அச்சாகி, சந்தையில் விற்றுப் பழுத்த அந்த நாடகங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு இரவு கர்ண மோட்சத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பாட்டு நிற்கும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நடக்கிற பேச்சு, கட்டியக்காரன் ராஜாவை மடக்குகிற கேலி, பொன்னுருவி கணவனின் குலத்தைக் கேட்டு வாதாடுகிற அரைமணி நேரம் - இவற்றின் விஸ்தாரம் அச்சில் கிடையாது. அது ஊரைப் பார்த்து நீளும், குறையும். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், பொழுது விடிய எவ்வளவு நேரம் இருக்கிறது, பேசின பணத்தில் பாக்கி உண்டா, இவையெல்லாம் கூத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. இதைச் சொன்னால் இலக்கிய சுத்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

நம்மிடையே கூத்தைக் கண்டெடுத்துப் பேசியவர் ந. முத்துசாமி. எழுபதுகளில் அவர் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானைப் பற்றி எழுதியதும், 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியதும், நம் நாடகத்தை சபா நகைச்சுவையின் பிடியிலிருந்து எடுத்த காரியங்கள். அந்தக் கடன் பெரிது. ஆனாலும் அந்தக் கண்டெடுப்பில் ஒரு பக்க விளைவு நேர்ந்தது. கூத்து நமக்குத் 'தியேட்டர்' ஆகத்தான் கிடைத்தது. உடம்பின் வீச்சு, திரைப் பிரவேசம், அடவு, குரல் என்று ஒரு நாடக இயக்குநன் எதைத் தேடுவானோ அதையெல்லாம் நாம் பார்க்கக் கற்றுக்கொண்டோம். தெருவில் வண்டியில் போகிற பீமனையும் மதியத்துப் பிரசங்கியாரையும் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. அவர்களிடம் 'தியேட்டர்' குறைவு.

வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு பக்கம் போனார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டலின் திரௌபதி வழிபாடு பற்றிய இரண்டு பெரிய தொகுதிகள் 1988-லும் 1991-லும் வந்தன. செஞ்சி வட்டாரத்திலிருந்து புறப்பட்டுக் குருக்ஷேத்திரம் வரை போகிற உழைப்பு. அவருக்கு வேண்டியது தொன்மமும் சடங்கும். ஊர் விழா அவர் கையில் படிக்க வேண்டிய ஒரு நூலாக மாறுகிறது. ரிச்சர்ட் ஃப்ராஸ்காவின் 1990 நூலுக்கு அக்கறை நிகழ்த்துமுறையில். ஹன்னே டி ப்ரூயின் 1999-ல் வெளியிட்ட நூல்தான் நான் சொல்ல வருவதற்கு மிக அருகில் வருகிறது. 'நெகிழ்வு' என்பது அதன் துணைத் தலைப்பிலேயே இருக்கிறது. யார் கூப்பிடுகிறார்கள், யார் ஆடுகிறார்கள், இவர்களுக்குள் உரிமையும் கூலியும் எப்படி ஓடுகின்றன என்பதிலிருந்து வடிவத்துக்கு வருகிறார். இந்த நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதை நினைவுபடுத்தினால் போதும். புலம்ப விருப்பமில்லை.

பெயரில்கூட ஆவணச் சண்டை உண்டு. தெருக்கூத்து என்பதா, கட்டைக்கூத்து என்பதா? பெ. ராஜகோபாலும் அவரைச் சார்ந்த கலைஞர்களும் 1990-ல் சங்கம் அமைத்தபோது கட்டைக்கூத்து என்றே வைத்தார்கள். புஜகீர்த்தி, மார்பதக்கம், கிரீடம் என்று மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த 'கட்டை'களைப் பூணுகிறவர்களின் கலை. 'தெரு' என்ற சொல்லில் பட்டணத்துக்காரர்களின் ஏளனம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் கட்சி. எனக்குத் தெருவின் மேல் பிரியம் உண்டு. ஆனால் ஆடுகிறவன் தன்னை என்ன பெயர் சொல்லி அழைக்கிறானோ அந்தப் பெயர்தான் பேரேட்டில் ஏற வேண்டும்.

இப்போது காமிராவுக்கு வருகிறேன். டாகுமெண்டரிகள் ஒரு மணி நேரத்தில் விழாவைக் 'காட்டிவிடுகின்றன'. தபசு மரம், படுகளம், தீமிதி. மூன்றும் காமிராவுக்காகவே நேர்ந்துவிட்டது போல அமைந்த காட்சிகள். அவற்றுக்கு நடுவில் ஒரு குரல் விளக்கிக்கொண்டே போகும். அந்தக் குரல் எதற்கு? படம் பார்க்கிறவனுக்குக் கதை தெரியாது என்பதற்கு. ஊரில் அப்படி ஒருவனும் இல்லை. கர்ணன் சாவான் என்பது கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் இரண்டு மணிக்குத் தூங்கலாம். அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் போகும்போது பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்புவார். விழாவை முழுக்கப் பார்த்தவர் ஊரில் கிடையாது; சமைக்கிற பெண் ஒரு பகுதி, தறியில் உட்கார்ந்தவர் ஒரு பகுதி, வண்டியில் கடலை விற்கிறவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பகுதி. முழுமை அவர்கள் கண்ணில் இல்லை, முன்னறிவில் இருக்கிறது. நியூயார்க் விழாவோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அங்கே முழுமையைப் பின்னால் வருகிற புஸ்தகம் தருகிறது. இங்கே முழுமை முன்னாலேயே வந்துவிட்டது, அப்புறம்தான் கூத்து. எல்லாவற்றையும் விழித்திருந்து பார்க்கிற ஒரு பிரமாதமான பார்வையாளனைக் காமிரா உற்பத்தி செய்கிறது. அப்படி ஒருவன் எந்தப் பாரதத்துக்கும் வந்தது இல்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு காரியம் யாரும் திட்டமிடாமல் நடந்துகொண்டிருக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கிற பையன் ஸ்டாண்டில் காமிராவை நிறுத்தி, இரவு முழுக்க ஓடவிட்டு, அப்படியே யூடியூபில் ஏற்றிவிடுகிறான். ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம். ஒலிபெருக்கி இரைச்சல், ட்யூப்லைட் வெளிச்சத்தில் அடிபட்ட முகங்கள், நடுவே யாரோ குறுக்கே போகிற தலை. கலை நோக்கு என்று ஒன்றும் கிடையாது. நண்பர்கள் சிரிக்கலாம், ஆனால் இன்று கூத்துக்கு இருக்கிற ஆவணங்களில் மேலானவை இவைதான் என்று நான் நினைக்கிறேன். அவை தேர்ந்தெடுப்பது இல்லை. முகவீணைக்காரர் கட்டையைத் துடைத்துக்கொள்வது இருக்கிறது. வேஷக்காரர் பெஞ்சியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, மறுபடி எழுந்து துரியோதனன் ஆவது இருக்கிறது. சுருதி இறங்கி மறுபடி ஏறுகிற மூன்று மணிச் சோர்வு இருக்கிறது. கூத்தின் காலத்தை இவை வெட்டவில்லை. ஃபெலன் சொன்ன நிகழ்காலத்துக்குக் கொஞ்சமாவது மரியாதை செய்வது, அவர் பெயரையே கேள்விப்படாத இந்த வீடியோக்காரப் பையன்தான்.

குறைகளும் உண்டு. காமிரா எப்போதும் ராஜாவின் மேல் இருக்கிறது. கூட்டத்தின் முகம் கிடையாது. ஆடுகிறவர் பெயர், மேளக்காரர் பெயர் பல வீடியோக்களில் இல்லை. நாடகத்தின் பெயரும் ஊரின் பெயரும் பெரிய எழுத்தில், வீடியோக்காரரின் போன் நம்பர் அதைவிடப் பெரிய எழுத்தில். அதில் வருமானம் என்று ஒன்று வந்தால் அது ஏற்றியவருக்கு. ஆடியவருக்கு அன்று இரவுக்குப் பேசின கூலி மட்டும். அப்ராமோவிச் செத்தவர்களின் வாரிசுகளிடம் அனுமதி கேட்டார் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே பதிவு செய்யக் கிளம்புகிறவர்களிடம் நான் கேட்பது மிகவும் சாதாரணமானது. ஒரு காமிரா போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவது காமிரா கூட்டத்தைப் பார்த்து நிற்கட்டும். பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை, அசையாமல். யார் எப்போது வந்தார்கள், பெண்கள் எந்தப் பக்கம், எந்தப் பாட்டில் எழுந்து உட்கார்ந்தார்கள், துகிலுரிகிற இடத்தில் யார் தலை குனிந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு நோட்டு. வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்தது யார், எவ்வளவு பேசினார்கள், ஊர் வரி வீட்டுக்கு எவ்வளவு, எந்தத் தெருவிடம் வரி வாங்கவில்லை, எந்தத் தெருவுக்கு பீமன் வண்டி போகவில்லை. கடைசி இரண்டையும் எழுதிக்கொள்ளாத ஆவணம் அழகான ஆவணமாக இருக்கும். கூரத்துச் செப்பேடும் அழகான ஆவணம்தான்.

ஒரு ஆட்சேபம் வரும். இப்படிக் கணக்கும் வழக்குமாகப் பதிவு செய்தால் கூத்தின் 'உண்மை வடிவம்' எங்கே நிற்கும்? உண்மை வடிவம் என்ற பேச்சையே நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். ஹார்மோனியம் கூத்துக்குப் பிறந்த வாத்தியம் அல்ல. பெட்ரோமாக்ஸ் வந்தது, போயிற்று. மைக் வந்தபின் குரல் எறிகிற முறை மாறியது. எண்பதுகளில் யாராவது ஒருவர் வந்து, பூரணமான, ஒரு அடவு விடாத ஆவணம் தயாரித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பெண் வேஷமெல்லாம் ஆண்கள்தான் கட்டியிருப்பார்கள். அதுதான் மரபு என்று அந்த ஆவணம் சாட்சி சொல்லியிருக்கும். 2002-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் ராஜகோபாலும் டி ப்ரூயினும் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கி, ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பும் அங்கேயே. அங்கே பயின்ற பெண்கள் ராஜ வேஷம் கட்டினார்கள். அந்தக் கற்பனை ஆவணம் கையில் இருந்திருந்தால், அதைத் தூக்கிக் காட்டி, இது கூத்து அல்ல என்று தீர்ப்புச் சொல்ல நம்மில் எத்தனை பேர் தயாராக இருந்திருப்போம்! ஆவணத்துக்குத் தேதி முக்கியம். தேதி இல்லாத ஆவணம் சாஸ்திரம் ஆகிவிடுகிறது.

குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. அதே வருடம் பங்குனியில் ஊரடங்கு. பாரதம் நடக்கிற மாதங்கள் அத்தனையும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டன. 2021 கோடையிலும் அதே கதி. இரண்டு பருவம் கொடியேற்றவில்லை, மரம் நடவில்லை, மண்ணில் துரியோதனன் படுக்கவில்லை. இந்த இரண்டு வருடத்துக்கு ஆவணம் எது என்று நான் யோசித்ததுண்டு. யூடியூபில் பழைய கூத்துகளைத்தான் பார்க்கலாம். நடக்காததை எந்தக் காமிராவும் எடுக்காது. நகைக்கடன் லெட்ஜர்தான் இருக்கிறது. தோடு, மூக்குத்தி, இரண்டு கிராம், மூன்று கிராம். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருக்கும், கூத்து என்று இருக்காது. இரவெல்லாம் ஒருவனை ராஜாவாக்குகிற நகைகள் மரத்தில் செய்தவை. அவற்றை எடைபோட எந்த மதிப்பீட்டாளரிடமும் தராசு இல்லை.

கடைசியாக ஒன்று. கூத்துக்குள்ளேயே ஒரு ஆவணக்காரன் இருக்கிறான் என்பதை ஆவணக்காரர்கள் கவனிக்கவில்லை. கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறுகிற கட்டம், முகவீணை உருகுகிறது, பின்பாட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறார். அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து நூற்றொரு ரூபாய் நோட்டும் நாணயமுமாக நீட்டுகிறார். மேளம் சட்டென்று நிற்கிறது. கட்டியக்காரன் மைக்கை வாங்கி, இன்ன தெருவில் இன்னார் மகன் இன்னார், கர்ணமகாராஜன் வேஷத்தைப் பாராட்டி அளித்த அன்பளிப்பு ரூபாய் நூற்றொன்று, அவர் குடும்பம் தழைக்க வேண்டும் என்று நீட்டி முழக்குகிறான். கர்ணன் கும்பிடுகிறான். பொன்னுருவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருக்கிறாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு, அதே உருக்கத்தோடு. ஒரு இரவில் இது இருபது முப்பது தடவை நடக்கும். நான் பார்த்த டாகுமெண்டரிகளில் ஒன்றிலும் இது கிடையாது. எடிட்டிங்கில் முதலில் போகிறது இதுதான். சென்னை அரங்கில் கூத்து நடந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, ரூபாயை மடித்துக் கையில் பிடித்தபடி மேடையை நோக்கி நடந்தார். இங்கே அதெல்லாம் வழக்கமில்லை என்று சொல்லி வாலண்டியர் பையன் அவரை மரியாதையாகத் திரும்ப உட்கார வைத்துவிட்டான்.